டுலூத்தில் பக்கத்து இருக்கை

மலர்க் குழுவில் இருக்கும் நம் வகுப்புத் தோழன் இந்த முறை விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதித் தா என்று கேட்டான். பள்ளி மைதானத்தையும் மூலையில் நிற்கிற வேப்பமரத்தையும் எதிர்பார்த்திருப்பான். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுத வந்தது ஐஸ் ஹொக்கி பற்றி, அதுவும் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி பற்றி. பொறுமையாக வாசியுங்கள், நம் பள்ளியும் நடுவில் வரும்.

2003இல் மேற்படிப்புக்காக டுலூத்துக்குப் போனேன். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற ஊர். ஒரு லட்சம் பேர்கூட இல்லை. இரும்புத்தாது ஏற்றிப் போக நீளமான கப்பல்கள் வரும், அவை உள்ளே நுழையும்போது பாலம் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். குளிர்காலம் வந்தால் அந்த ஊருக்கு ஒரே பேச்சு, பல்கலைக்கழக ஹொக்கி அணி. ஆய்வுகூடத்தில் கூட இருந்தவன் ஒருநாள் தன்னிடம் மிஞ்சிய டிக்கெட்டைத் தந்தான். ஏரிக்காற்றில் காது விறைத்துப்போய் உள்ளே நுழைந்தேன். பனித்தளத்தைச் சறுக்குக் கத்திகள் கீறுகிற சத்தம் முதலில் கேட்டது, அதற்குப் பிறகுதான் விளையாட்டு கண்ணில் பட்டது. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை எங்கே போகிறது என்று கண் பழகவே இரண்டு மூன்று ஆட்டம் பிடித்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பல வருடமாக அதே இருக்கைக்குப் பருவச் சீட்டு வைத்திருந்தார். ஹொக்கியில் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி, நடுவில் இரண்டு இடைவேளை. இடைவேளை வந்ததும் எல்லோரும் கோப்பிக்கு எழுந்து போவார்கள், இவர் மட்டும் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் தாளை எடுத்து முழங்காலில் விரிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் எழுதியிருக்கும். நான் புள்ளிக் கணக்கு என்று நினைத்தேன். கேட்டபோது சொன்னார், வரிகளை எண்ணுகிறேன் என்று. கிழக்குக் கரைக் கல்லூரிகளுக்கு எத்தனை வரி, நமக்கு எத்தனை வரி.

அங்கே எல்லோருக்கும் இருந்த மனக்குறை அது. ஹொக்கியை வளர்த்தது நாங்கள், பேசப்படுவது பொஸ்டன். கிழக்குச் சாய்வு என்பது அந்த அரங்கில் குழந்தைகள்கூடச் சொல்லுகிற சொல். முதல் தரக் கல்லூரி அணிகள் ஏறக்குறைய அறுபது, அதில் பாதிக்கு மேல் கிழக்கில். பொஸ்டன் நகரத்துக்குள்ளும் விளிம்பிலுமே நான்கு. அந்த நான்கும் பெப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் மோதிக்கொள்ளும் பீன்பொட் கிண்ணம் 1952 முதல் நடக்கிறது, அதற்குக் கிடைக்கிற வெளிச்சம் மேற்கில் எந்த வார இறுதிக்கும் கிடைக்காது. தேசிய விளையாட்டுத் தொலைக்காட்சியின் தலைமையகமும் கனெக்டிகட்டில். நேர வித்தியாசம் வேறு. எங்கள் ஆட்டம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் பொஸ்டனில் எட்டு. கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டால் அங்கே பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும்.

இதற்கு 2021இல் ஃபார்கோவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. டுலூத்தும் நோர்த் டகோட்டாவும் மோதிய ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் டுலூத் இரண்டு கோல் வாங்கிச் சமநிலை, அப்புறம் ஐந்து கூடுதல் பகுதி, மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி. தேசியப் போட்டி வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம். டுலூத் 3-2 என்று ஜெயித்தபோது பொஸ்டனில் ஞாயிறு அதிகாலை. அவ்வளவு பெரிய ஆட்டத்தை நாட்டின் பாதிப் பேர் தூக்கத்தில் தவறவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். தேசியப் போட்டிக்குப் போகும் பதினாறு அணிகளைப் பத்திரிகைக்காரர்கள் தெரிவு செய்வதில்லை. கல்லூரிகள் குழுக்குழுவாகச் சேர்ந்து ஆடுகிற கூட்டமைப்புகளின் சம்பியன்கள் நேரே போவார்கள், மற்ற இடங்களை வெற்றி தோல்வியையும் எதிரணிகளின் பலத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு நிரப்பும். அணிகளை வரிசைப்படுத்த வாராவாரம் நடக்கிற வாக்கெடுப்புக்கு அதில் பங்கே இல்லை. 2018இல் டுலூத் அந்தக் கணக்கில் வெறும் 0.0001 வித்தியாசத்தில் மினசோட்டா பல்கலைக்கழக அணியை முந்திக் கடைசி இடத்தைப் பிடித்தது, பிறகு சம்பியனாகவும் வந்தது. பெரியவருக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் எண்ணுவார். கோப்பை கைமாறுகிறது என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை. ஜெயித்தது யார் என்று ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான் அவரை அரித்தது.

அவருடைய பெரிய ஆதாரம் 1980 ஒலிம்பிக். லேக் பிளாசிட்டில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியை 4-3 என்று வென்ற ஆட்டத்தை அமெரிக்காவில் தெரியாதவர் இல்லை. வெற்றிக் கோலை அடித்த அணித்தலைவர் மைக் எருசியோனி மசசூசெட்ஸ்காரர், பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தக் கோலை ஆயிரம் தடவை காட்டியிருப்பார்கள். ஒரு இடைவேளையில் பெரியவர் பென்சிலை என் பக்கம் நீட்டிக் கேட்டார், "அந்த வில்லையை அவருக்குக் கொடுத்தது யார், தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. மார்க் பாவலிச். அதற்கு முன்னால் தொட்டவர் ஜோன் ஹாரிங்டன். இரண்டு பேரும் டுலூத்தில் படித்தவர்கள், இரண்டு பேரும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற இரும்புச் சுரங்க ஊர்ப் பிள்ளைகள். இருபது பேர் கொண்ட அந்த அணியில் பன்னிரண்டு பேர் மினசோட்டாக்காரர்கள், அன்றைக்கு இரண்டு கோல் அடித்த மார்க் ஜோன்சன் விஸ்கொன்சின்காரர். இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் பரிசளிப்பில் விடுபட்டுப்போனதைச் சொல்கிற தகப்பனின் குரல் அது.

எனக்கு அது உடனே விளங்கியதற்குக் காரணம் நம் பள்ளிதான். நாங்கள் ஏ.எல். படித்த வருடத்து பிக் மட்ச் கிரிக்கெட் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கொழும்பிலிருந்து வந்த பத்திரிகை பிந்திப் பிந்தித்தான் நம் கைக்குக் கிடைக்கும். வாசிகசாலையில் பத்துப் பேர் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து தேடினோம். கொழும்புப் பள்ளிகளின் ஆட்டத்துக்குப் படங்களோடு ஒரு பக்கம். நமக்கு அடியில் நாலு வரி, அதிலும் நம் கப்டனின் பெயரில் எழுத்துப் பிழை. அவன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். தோற்ற அன்றுகூட அவன் அப்படிப் போகவில்லை.

2004இல் டுலூத் தேசியப் போட்டியின் கடைசி நான்குக்கு வந்தது, இடம் பொஸ்டன். டென்வருக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்துவிட்டுக் கடைசிப் பகுதியில் நான்கு கோல் வாங்கி 5-3 என்று தோற்றோம். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது எங்கள் ஜூனியர் லெசார்டுக்குக் கிடைத்ததுதான் ஆறுதல். அடுத்த வருடம் டுலூத் தகுதியே பெறவில்லை. ஆனால் கடைசி நான்கில் டென்வர், கொலராடோ கொலேஜ், நோர்த் டகோட்டா, மினசோட்டா என்று நான்கும் எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகளாகவே வந்தன, அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. வருடம் முழுக்க அந்த அணிகளைத் திட்டித் தீர்த்த பெரியவர் அந்த வாரம் சொந்த அணி ஜெயித்ததுபோல் திரிந்தார்.

கிழக்கிலிருப்பவர்களுக்கும் குறை உண்டு, இதை நான் ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேலையிடத்தில் மசசூசெட்ஸிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், மேற்கத்திக்காரருக்கு எங்கள் சிறிய கல்லூரிகள் என்றால் எப்போதும் இளக்காரம், 2013இல் யேலும் 2014இல் யூனியனும் கோப்பையைத் தூக்கிய பிறகுதான் வாயை மூடினார்கள் என்று. யூனியன் இறுதியில் வென்றது மினசோட்டாவை, 7-4. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எழுதுகிறவர்கள் வஞ்சகமாக மறைக்கிறார்கள் என்று நானும் நினைக்கவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் சுரங்க ஊரில் பத்திரிகையைப் பிரித்துத் தன் அண்ணனின் பெயரைத் தேடுகிற பையனுக்கு இரண்டும் ஒன்றுதான், அன்றைக்கு நமக்கும் அப்படித்தான் இருந்தது.

2019 இறுதியாட்டம் பஃபலோவில். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம், விடுவேனா? பெரியவரை மகன் டுலூத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். கைத்தடி வந்திருந்தது, கோட்டு அதே கோட்டு. எதிரணி மசசூசெட்ஸ். அவர்களுடைய கேல் மக்கார் முதல்நாள்தான் ஹோபி பேக்கர் விருது வாங்கியிருந்தார், போன இடமெல்லாம் அவர் பேச்சு. அருமையான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று இரவு டுலூத் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. கப்டன் பார்க்கர் மக்கே ஆரம்பத்திலேயே முதல் கோலை அடித்தார், கோல் காப்பாளர் ஹன்டர் ஷெப்பர்ட் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. 3-0. தொடர்ந்து இரண்டாவது வருடமாகக் கோப்பை. 2004, 2005இல் டென்வர் செய்த பிறகு வேறு யாரும் செய்யாதது. பெரியவர் கத்தவில்லை, என் முழங்கையைப் பிடித்தபடியே நின்றார். அந்தப் பிடி மறுநாளும் வலித்தது.

மறுநாள் காலை அவர்களை வழியனுப்ப விடுதிக்குப் போனேன். வரும் வழியில் பெற்றோல் நிலையத்தில் பத்திரிகை வாங்கியிருந்தேன், கேட்பார் என்று தெரியும். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லை என்றார். கோட்டின் உள்பைக்குள் கையை விட்டுப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை நீ எண்ணு."

காரின் பொனட்டில் தாளை விரித்துக் காற்றுக்குப் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தலைப்புக்குக் கீழே முதல் வரியில் பென்சிலை வைத்தேன்.