யார் கூற்று?

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பதினோராம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம், பன்னிரண்டில் பிரிட்டிஷ் இலக்கியம் என்பது அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் நெடுநாள் வழக்கம். எங்கள் பள்ளியிலும் அதுதான். செப்டம்பரில் பழைய ஆங்கிலக் காவியமான 'பெயோவுல்ஃப்' தொடங்கினால், சாசரின் யாத்திரிகர்கள், ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்', ஸ்விஃப்ட், 'ஃபிராங்கென்ஸ்டைன்' என்று ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து, ஜூன் மாதம் பட்டமளிப்பு அங்கிகள் வந்து இறங்குவதற்குள் கரையேறிவிட வேண்டும். இவற்றை வாசிப்பது பாதி வேலை. வாசித்ததைப் பற்றிக் கட்டுரை எழுத வைப்பதும், எழுதியதைத் திருத்துவதும் மறுபாதி. மூன்று பிரிவுகளில் 78 மாணவர்கள் இருந்த ஓர் ஆண்டில், ஒரு கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன்: ஒரு சுற்றுக்குப் பத்தொன்பதரை மணி நேரம். அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே வேண்டாம் என்று பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு முன் இந்த வகுப்பை எடுத்த மூத்த ஆசிரியை தம் மதிப்பீட்டு அட்டவணையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மையக் கருத்து, மேற்கோள், விளக்கம், நடை என்று கட்டம் கட்டமாக இருந்த அந்தத் தாளின் கடைசி வரி, கட்டுரையில் 'நான்' என்ற சொல் வந்தால் இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு அந்த விதி மிக இயல்பாகவே தோன்றியது. நாங்கள் எழுதிய தேர்வு விடைகளில் இன்ன விமர்சகர் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார் என்று எல்லோரும் பேசினார்கள். எழுதியவர் மட்டும் வாய் திறக்கவில்லை. ஐந்து ஆண்டு இலக்கியம் படித்து, ஒரு நாடகம் எனக்குப் பிடித்ததா இல்லையா என்று ஒரு வரியும் எழுதாமல் முதல் வகுப்பில் தேறியவள் நான். எனவே அந்த வரியை அப்படியே பிரதி எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தேன்.

இந்த நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கல்லூரி விண்ணப்பம். பெரும்பாலான மாணவர்கள் பயன்படுத்தும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில், கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, 650 சொற்களுக்கு மிகாமல் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் நவம்பர் 1 என்று கெடு வைத்திருப்பதால், அக்டோபர் முழுவதும் மதிய உணவு வேளையில் என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். பரிந்துரைக் கடிதம் கேட்பவர்கள் பாதி, அந்தக் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்பவர்கள் பாதி. காலை வகுப்பில் எந்தச் சொல்லை எழுதினால் மதிப்பெண் குறையுமோ, அதே சொல்லைச் சுற்றித்தான் மதியம் அவர்கள் கொண்டுவரும் கட்டுரை முழுவதும் எழுந்து நிற்க வேண்டும். இந்த முரண் என் கண்ணில் படச் சில ஆண்டுகள் ஆயின என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கண்ணில் பட வைத்தவன் பின்வரிசையில் அமரும் ஒரு மாணவன். 'பெயோவுல்ஃப்' பற்றிய அவனுடைய கட்டுரை, கிரெண்டல் என்னும் அரக்கனைப் பற்றியது. மன்னன் ஹ்ரோத்காரின் மண்டபத்தில் நாள்தோறும் யாழ் ஒலிப்பதையும் பாணன் பாடுவதையும் கிரெண்டல் வெளியே இருளில் இருந்து கேட்டு வேதனைப்படுகிறான். அதன் பிறகுதான் மண்டபத்தைத் தாக்கத் தொடங்குகிறான். பெரும்பாலோர் விரைந்து தாண்டிவிடும் அந்தச் சில வரிகளில் நின்று, "இவ்விடத்தில் ஒருவர் கிரெண்டல்மீது இரக்கம் கொள்ளக்கூடும்" என்று அவன் எழுதியிருந்தான். ஓரத்தில் "யார் அந்த ஒருவர்?" என்று சிவப்பு மையில் கேட்டிருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மேசைக்கு வந்து, "மிஸ், அந்த ஒருவர் நான்தான். நீங்கள்தானே அப்படி எழுதக் கூடாது என்றீர்கள்?" என்றான். கேலி இல்லை, உண்மையிலேயே வழி கேட்டான். அதே வாரம் அவன் கொண்டுவந்த கல்லூரிக் கட்டுரையில் பத்திக்குப் பத்து 'நான்' இருந்தது. ஆனால் கால்பந்து அணியில் தலைமைப் பண்பு கற்றுக்கொண்ட அந்த 'நானை' நான் அதற்கு முன் பல நூறு கட்டுரைகளில் சந்தித்திருந்தேன். கிரெண்டலுக்காக இரங்கிய 'ஒருவரை' மட்டுமே புதிதாகச் சந்தித்தேன்.

விதியை அன்றே நீக்கிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீக்கவில்லை. 'நான்' என்று அனுமதித்தால், "நான் இந்தக் கவிதை மிக அழகானது என்று உணர்கிறேன்" என்று தொடங்கி அதோடு முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் வந்து குவியும் என்ற பயம் எல்லா ஆங்கில ஆசிரியர்களுக்கும் உண்டு. அது பொய்ப் பயமும் அல்ல. நான் செய்ததெல்லாம், பாடத்தில் வரும் 'நான்'களைக் கவனிக்கத் தொடங்கியதுதான்.

அடுத்து சாசர். 'கான்டர்பரி கதைகள்' நூலின் முகப்பில் வரும் முதல் பதினெட்டு வரிகளை அக்கால ஆங்கில உச்சரிப்பிலேயே மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைப்பது பல பள்ளிகளில் இன்றும் நடக்கும் சடங்கு. ஏப்ரல் மழை, வேரில் இறங்கும் ஈரம், கண் திறந்தபடி தூங்கும் குருவிகள், பிறகு புனிதப் பயணம் என்று பதினெட்டு வரியும் ஒரே வாக்கியம். நம் பழைய உரைநடைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும். வழிநெடுக முறைவைத்துக் கதை சொல்லும் அந்தப் பயணக் கூட்டத்தில் சாசர் தம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறார். அவர் முறை வரும்போது சொல்லும் கதை எவ்வளவு மோசம் என்றால், விடுதிக்காரர் ஹாரி பெய்லி இனிமேல் சகிக்க முடியாது என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். அத்தனை பேருக்கும் கதை எழுதிக் கொடுத்த கவிஞர் 'நான்' என்று வரும் ஆளுக்கு மட்டும் மட்டமான கதையைக் கொடுக்கிறார். இதை வகுப்பில் சொன்னபோது, கல்லூரி விண்ணப்பத்தை முந்தைய இரவு அனுப்பிவிட்டு வந்த ஒரு மாணவி, "இவருக்கு எங்கேயும் இடம் கிடைத்திருக்காது" என்றாள்.

'மெக்பெத்' ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. அதில் சூனியக்காரிகளே என் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். சறுக்கியது ஸ்விஃப்டில். டப்ளினில் தேவாலயத் தலைவராக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-இல் வெளியிட்ட 'ஓர் அடக்கமான யோசனை', அயர்லாந்தின் வறுமைக்குத் தீர்வாக ஏழைகள் தம் குழந்தைகளை ஒரு வயதில் செல்வர்களின் உணவுக்காக விற்கலாம் என்று, விலை, எடை, சமையல் முறை எல்லாம் கணக்கிட்டு நிதானமாகப் பேசும் கட்டுரை. அங்கதம் என்று முன்கூட்டியே சொல்லாமல் படிக்கக் கொடுப்பது என் வழக்கம். அந்த ஆண்டு ஒரு மாணவி அதற்கு மறுப்பாக ஐந்து பத்திகளில் ஒரு கட்டுரை எழுதினாள். முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை, ஒவ்வொன்றிலும் மேற்கோள். அட்டவணைப்படி குறையே சொல்ல முடியாது. எழுதியவர் மனிதரே அல்லர் என்று கொதித்திருந்தாள். 'நான்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கதம் புரியாததற்குப் பூஜ்யம் போடலாம். ஆனால் அந்தக் கொதிப்புதானே ஸ்விஃப்ட் வேண்டியது? அவள் கோபம் சரி. யார்மீது கோபப்பட்டாள் என்பதுதான் தவறு. யோசனையைச் சொல்லும் அந்தக் கணக்குப்பிள்ளைக் குரலை அவள் ஸ்விஃப்ட் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். கட்டுரையின் இறுதியில் அந்தக் குரல், இந்தத் திட்டத்தால் தனக்கு ஒரு காசு லாபம் இல்லை, தன் கடைசிக் குழந்தைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது, மனைவி பிள்ளை பெறும் வயதைக் கடந்துவிட்டாள் என்று சத்தியம் செய்கிறது. ஸ்விஃப்டுக்கோ பிள்ளையே கிடையாது. இதை எப்படி விளக்குவது என்று தேடியபோது, ஆங்கிலத் துறையில் கற்ற எதுவும் கைகொடுக்கவில்லை. பள்ளியில் தமிழாசிரியர் குறுந்தொகை நடத்தும்போது பாட்டைத் தொடுவதற்கு முன் கேட்கும் கேள்விதான் நினைவுக்கு வந்தது: "இது யார் கூற்று?"

மறுநாள் குறுந்தொகையின் 25-ஆம் பாடலை என்னால் இயன்ற அளவு ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினேன். தலைவன் தன்னை மணந்த நாளில் வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். தினைத்தாள் போன்ற கால்களோடு ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. எழுதியவர் பெண் என்று வகுப்பு முழுவதும் சொன்னது. எழுதியவர் கபிலர், ஆண் என்றேன். பின்வரிசையில் இருந்து, "அப்படியானால் இதில் 'நான்' என்று சொல்வது யார்?" என்று கேட்டவன், வேறு யாருமில்லை, கிரெண்டல் கட்டுரைக்காரன். மறுப்பு எழுதிய மாணவி ஒன்றும் பேசாமல் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை கொண்டுவந்த புதிய பிரதியில், அந்த யோசனைக்காரர் தம் நல்ல மனத்தை நிரூபிக்க முயலும் ஒவ்வொரு இடத்திலும் எப்படி அம்பலப்படுகிறார் என்று எழுதியிருந்தாள். முதல் வரி: "முதல் முறை படித்தபோது நான் ஏமாந்தேன்." இரண்டு மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

'ஃபிராங்கென்ஸ்டைன்' வசந்த காலத்துக்கு உரியது. கல்லூரிகளின் பதில்கள் வந்துவிட்டதால் பாதிப் பேர் உடம்பால் மட்டும் வகுப்பில் இருக்கும் நாட்கள் அவை. மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18 என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நிமிர்வார்கள். அந்த நாவலில் 'நான்' மூன்று அடுக்கு: வட துருவத்துக்குப் போகும் வால்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்கள், அவற்றுக்குள் விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் என்ற விஞ்ஞானி சொல்லும் கதை, அதற்குள் அவர் உருவாக்கிய, பெயரே இல்லாத அந்தப் படைப்பு தன் வாயால் சொல்லும் கதை. இந்த அளவு பாடக்குறிப்புகளிலேயே கிடைக்கும். குறிப்புகளில் அதிகம் பேசப்படாதது முன்னுரையின் கதை. 1818-இல் நாவல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் நூலாசிரியராக 'நான்' என்று பேசுபவர் உண்மையில் அவருடைய கணவர் பெர்சி ஷெல்லி. 1831 பதிப்பில்தான் மேரி தம் சொந்தக் குரலில் ஒரு முன்னுரை எழுதி, முந்தையது கணவர் எழுதியது என்று குறிப்பிடுகிறார்.

இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஓர் அசாதாரண அமைதி. காரணம் எனக்குத் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு கல்லூரிக் கட்டுரையைச் 'செப்பனிட்டு'த் தருபவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அக்டோபரில் என் மேசைக்கு வரும் தாள்களில் சில, பதினேழு வயதுக்காரர் யாருக்கும் வாய்க்காத முதிர்ச்சியோடு தோல்வியின் அருமையைப் பேசும். 2022-க்குப் பிறகு, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமிருந்து அந்த முதிர்ச்சி இலவசமாகவும் கிடைக்கிறது. நான் யாரையும் பிடித்துக் கொடுத்ததில்லை; அந்தக் கட்டுரைக்கு நான் நடுவரும் இல்லை. ஆனால் அன்று மணி அடித்த பிறகு ஒரு மாணவன் தங்கி, தன்னுடைய 650 சொற்களில் தான் எழுதியது இருநூறு தேறும் என்றான். எந்த இருநூறு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இப்போது தெரியவில்லை என்றான். அவனுக்கு இடம் கிடைத்துவிட்டிருந்தது. என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

என் வகுப்புகளில் ஒன்று, பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படித்து மே மாதம் அதற்கான 'ஏபி' தேர்வு எழுதும் பிரிவு. இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி. வாதத்துக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு, மீதி ஒன்று நுண்மைக்கு. அந்த ஒற்றைப் புள்ளியை எப்படிப் பெறுவது என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். ஆண்டுதோறும் நான் சுற்றி வளைத்து ஏதோ சொல்வேன். அந்த ஆண்டு மட்டும், உரையில் பேசுவது யார், அவரை நம்ப வேண்டுமா என்று முதலில் பாருங்கள், பிறகு உங்கள் கட்டுரையில் பேசுவது யார் என்று பாருங்கள் என்றேன். புள்ளி கிடைத்ததா என்று அறிய வழியில்லை. மொத்த மதிப்பெண் மட்டுமே, அதுவும் ஜூலையில், எல்லோரும் கலைந்த பிறகு வரும்.

கோடை விடுமுறையில் மதிப்பீட்டு அட்டவணையைத் திறந்து அந்தக் கடைசி வரியை அடித்தேன். அந்த இடத்தில் "யார் கூற்று?" என்பதன் ஆங்கில வடிவத்தை எழுதினேன், தட்டையாகத்தான் வந்தது. செப்டம்பரில் புதிய முகங்களோடு 'பெயோவுல்ஃப்' மீண்டும் தொடங்கியது. அதன் முதல் வாக்கியத்தின் எழுவாய் 'நான்' அன்று, பன்மை: பழங்கால டேனிய மன்னர்களின் புகழை 'நாம்' கேட்டிருக்கிறோம் என்று தொடங்கும் அந்தக் காவியத்தைப் பாடியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், கதை நடப்பதோ கடலுக்கு அப்பால். இத்தனை ஆண்டுகள் அந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. தமிழில் இதை மொழிபெயர்த்தால் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா என்ற கேள்வியை வகுப்பில் வைத்தேன். பழைய ஆங்கிலத்தில் 'நாம் இருவர்' என்பதற்குத் தனிச் சொல் இருந்தது. கேட்பவரைச் சேர்த்துச் சொல்வதற்கும் விலக்கிச் சொல்வதற்கும் வேறு வேறு சொல் இல்லை. பாணன் தன் முன்னால் அமர்ந்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்கிறானா? கிரெண்டல் வெளியே நின்று கேட்டபோது, அந்த 'நாமில்' அவனும் இருந்தானா?

இருபத்தாறு பேர் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். அட்டவணையின் கடைசி வரியைச் சுட்டி, "மிஸ், இதற்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டாள்.