மூட்டு மாறியது ஒரு நாளில், நடை மாறியது ஓர் ஆண்டில்

2024 ஜூன் மாதம் என் இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். அப்போது எனக்கு 61 வயது. மொரீசியசின் ரோஸ்ஹில்லில் வசிக்கும் நான், 34 ஆண்டுகள் அரசு ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோயிலிலும் சந்தையிலும் உறவினர் வீடுகளிலும் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அவர்களில் சிலர் தாங்களே அந்த வலியோடு இருப்பவர்கள், சிலர் தாய்க்காகவோ தந்தைக்காகவோ கேட்பவர்கள். நின்ற இடத்தில் சொல்லும் பதிலில் பாதி விட்டுப்போகிறது என்பதால், நடந்ததை முழுமையாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

எனக்கு வலி முதலில் வந்தது முழங்காலில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லெ பூஸ் மலைக்கு ஏறிப் பழகியிருந்தேன். 812 மீட்டர் உயரமுள்ள அந்த மலையிலிருந்து இறங்கும்போது இடது முழங்கால் கடுக்கத் தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் முழங்காலை இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்து, வயதுக்கேற்ற தேய்மானம் என்று சொல்லி, களிம்பும் மாத்திரையும் தந்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அதற்குள் கால் நகம் வெட்டக் குனிய முடியாமல் போயிற்று. காரிலிருந்து இறங்கும்போது காலைக் கையால் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருந்தது. பின்னர் வேறொரு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி மெல்ல உட்புறமாகத் திருப்பினார். தொடையிடுக்கில் மின்னல் வெட்டியதுபோல் வலித்தது. இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்புகளே முழங்காலுக்கும் கிளை விடுவதால் இடுப்பின் வலியை முழங்காலில் உணர்பவர்கள் பலர் உண்டு என்று அவர் விளக்கினார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அது பொருந்தியிருக்கும் கிண்ணத்துக்கும் இடையே தெரிய வேண்டிய கரிய இடைவெளி, என் இடது பக்கத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி என்று சொல்பவர்களிடமெல்லாம், குந்தும்போதும் கால்மேல் கால் போடும்போதும் தொடையிடுக்கில் வலிக்கிறதா என்று நான் இப்போது கேட்பது இதனால்தான்.

இங்கே அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களை வீணாக்காமல் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தொடங்கச் சொன்னார்கள். பற்களில் சீழ் இருந்தால் அங்கிருந்து கிருமி புதிய மூட்டுக்குச் செல்லக்கூடும் என்பதால் பற்களையும் சரிபார்த்துக்கொண்டேன். வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பை மகள் ஏற்றாள். தரை விரிப்புகளைச் சுருட்டி எடுத்துவிட்டு, என் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினாள். கழிப்பறை இருக்கையின்மேல் அதை உயர்த்தும் மேலிருக்கை ஒன்றைப் பொருத்தினாள். அடுப்பங்கரையில் அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களை எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தாள். தரையோடு இருந்த பூசை விளக்கை மேசைமேல் ஏற்றி வைத்தபோது எனக்குச் சற்று மனம் உறுத்தியது. ஆனால் அந்த ஒரு மாற்றம் எத்தனை உதவியாக இருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். அரைத் தூக்கத்தில் சுத்தியல் ஓசை மட்டும் எங்கோ கேட்டது. தொடை எலும்புக்குள் டைட்டானியத் தண்டு, அதன்மேல் பீங்கான் உருண்டை, கிண்ணத்துக்குள் உறுதியான நெகிழி உள்ளுறை என்று மூட்டின் அமைப்பை முன்பே எனக்கு வரைந்து காட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1962இல் உலோக உருண்டையையும் நெகிழிக் கிண்ணத்தையும் இணைத்துச் செய்த முறையிலிருந்து வளர்ந்ததே இது என்று படித்தபோது, ஏறத்தாழ என் வயதே உள்ள ஒரு சிகிச்சையிடம் என்னை ஒப்படைக்கிறேன் என்ற நம்பிக்கை பிறந்தது.

மறுநாள் காலை வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "தூஸ்மான், மிஸ், தூஸ்மான்" என்று பிசியோதெரபிஸ்ட் பெண், இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில், மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். தையல் போட்ட இடம் எரிந்தது, தொடை வீங்கிக் கனத்தது. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக எலும்புக்குள் இருந்து அரித்துக்கொண்டிருந்த அந்த வலி, காலை ஊன்றியபோது இல்லை. நாள்தோறும் குறையக்கூடிய வலி ஒன்று, ஒருபோதும் குறையாத வலியின் இடத்துக்கு வந்திருந்தது. வார்டில் நின்றபடியே அழுதேன்.

எனக்குப் பின்புறமாகத் திறந்து அறுவை செய்ததால், மூட்டு நழுவாமல் இருக்க முதல் 12 வாரங்களுக்கு மூன்று தடைகள் விதித்தார்கள். இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, இடது பாதத்தை உட்புறமாகத் திருப்பக் கூடாது. வேறு வழியில் திறந்து செய்தவர்களுக்கு விதிகள் மாறும்; ஆகவே அவரவர் மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த மூன்றும் நம் வீட்டுப் பழக்கங்களோடு எத்தனை இடங்களில் மோதுகின்றன என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சம்மணமிட்டு உட்காரக் கூடாது. விழுந்து வணங்கக் கூடாது. மூன்றாவது வாரத்தில் பூசைத் தட்டிலிருந்து ஒரு செம்பருத்திப் பூ தரையில் விழுந்தது. அறுபது ஆண்டுப் பழக்கம். உடல் தானாகவே குனியத் தொடங்கிவிட்டது. கை மேசை விளிம்பைப் பற்றியதால் பாதியில் நின்றேன். அந்தப் பூ மகள் வரும் மாலைவரை அங்கேயே கிடந்தது. மறுநாள் பொருளைக் கவ்வி எடுக்கும் நீண்ட இடுக்கி ஒன்று வாங்கி வந்தாள்.

உடுத்துவதற்கும் ஒரு முறை உண்டு: அறுவை செய்த காலை உள்பாவாடைக்குள் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கால் கடைசியில் வர வேண்டும். இரவில் இரு முழங்கால்களுக்கும் இடையே தலையணை. இரத்தம் உறையாமல் இருக்க 35 நாட்கள் வயிற்றுத் தோலில் ஊசி. அதைப் போடக் கற்றுக்கொண்ட என் கணவரின் கை முதல் வாரம் முழுவதும் நடுங்கியது. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் கண்டாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலிலிருந்து நீர் கசிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அவற்றில் எதுவும் நேரவில்லை. ஆயினும் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தோம்.

நான் செய்த தவறு ஐந்தாவது வாரத்தில் நிகழ்ந்தது. வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறியிருந்தேன். உறவினர்கள் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேறிவிட்டேன் என்று காட்ட விரும்பி, ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவிட்டுக் கையில் தேநீர்த் தட்டோடு நடந்தேன். வலிக்கவில்லை, அதனால் அதற்குப் பின் அதைத் தொடவே இல்லை. பத்து நாள் கழித்து என் நடையைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஒன்றும் சொல்லாமல் ஆள் உயரக் கண்ணாடியின்முன் நிறுத்தி, இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். வலப்பக்க இடுப்பு சட்டென்று தாழ்ந்தது. அதைச் சரிக்கட்ட என் உடல் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது. இடுப்பின் பக்கவாட்டில் உள்ள தசைதான் நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போது மறுபக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்றும், ஆண்டுக்கணக்கில் வலிக்கு அஞ்சி நொண்டியதில் அது மெலிந்துவிட்டது என்றும், மூட்டு புதிதானாலும் நடை பழையதாகவே இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். வலி இல்லாத நொண்டலே பிடிவாதமானது, ஏனெனில் அதை நிறுத்தச் சொல்ல உடலுக்குள் யாரும் இல்லை.

ஊன்றுகோல் மீண்டும் கைக்கு வந்தது. இம்முறை வலது கையில். நோயுற்ற காலின் பக்கமே கோலைப் பிடிக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் அந்த மெலிந்த தசையின் சுமையைக் கோல் பகிர்ந்துகொள்கிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதையும் அப்போதுதான் உள்வாங்கிக்கொண்டேன். நொண்டாமல் நடக்க முடிந்த பிறகே கோலை விடுவது என்று உறுதி செய்தேன். அதற்கு மேலும் ஒன்பது வாரங்கள் ஆயின.

பயிற்சி அடுப்பங்கரைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நிமிர்ந்து நின்று, உடலைச் சாய்க்காமல் இடது காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி, சற்று நிறுத்தி இறக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 12 முறை. 34 ஆண்டு ஆசிரியப் பணியின் பழக்கத்தில் எண்களுக்குப் பதில் உயிரெழுத்துகளைச் சொன்னேன். குறிலுக்கு உயர்த்துவது, நெடிலுக்கும் உயர்த்துவதுதான், ஆனால் இரு மடங்கு நேரம் நிறுத்துவது. ஐகாரம் வரும்போது தொடையின் பக்கம் எரியத் தொடங்கும். ஔகாரத்தை எட்டும்போது கால் நடுங்கும். முதலில் ஒரு சுற்று, பின்பு இரண்டு, மூன்றாம் மாதத்தில் படுத்தபடி மூன்று. சோறு வேகும் நேரத்தில் செய்ததால் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

இடையில் ஓர் அச்சம் என்னை வாட்டியது. இடது கால் நீண்டுவிட்டதுபோலத் தோன்றியது. செருப்பை மாற்றிப் பார்த்தும் அதே உணர்வு. மருத்துவர் அளந்து, இரு கால்களும் சமம் என்றார். தேய்ந்த மூட்டோடு குறுகிக் கிடந்த தசைகளும் சாய்ந்து பழகிய இடுப்பும் நேராகும்வரை அப்படித் தோன்றும் என்றார். நான்காம் மாதத்தில் அந்த எண்ணம் என்னை விட்டு நீங்கியது.

வெளியே செல்லத் தொடங்கியபோது, மெட்ரோ ரயிலின் அருமை எனக்குப் புரிந்தது. பேருந்தின் முதற்படி உயரம். ஏறும்போது ஓட்டுநர் காத்திருப்பாரா என்ற பதற்றமும் உண்டு. மெட்ரோவில் நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், ரோஸ்ஹில்லில் ஏறி குவாத்ர் போர்னில் இறங்கி மகள் வீட்டுக்குத் தனியாகவே சென்று வந்தேன். தையல் முழுமையாக ஆறியபின், அக்டோபரில், ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடலில் நடக்க அனுமதி கிடைத்தது. பவளத் திட்டுக்கு உட்பட்ட அந்த அமைதியான நீரில் இடுப்பளவு ஆழத்தில் நின்றால், கால்கள் தாங்கும் எடை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. கடல் முள்ளெலிக்கு அஞ்சி ரப்பர் காலணி அணிந்து, கரைக்கு இணையாக முன்னும் பின்னும் நடந்தேன். நொண்டாமல் நடப்பது எப்படி இருக்கும் என்பதை என் உடல் முதலில் நினைவுகூர்ந்தது அந்த நீரில்தான். மணலில் ஏறியதும் மீண்டும் சாய்ந்தேன் என்றாலும், எதை நோக்கிப் போகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

2025 பிப்ரவரி 11 தைப்பூசம். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள். கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்கு ஆண்டுதோறும் பால்குடம் எடுத்தவள் நான். மருத்துவர் நடப்பதைத் தடுக்கவில்லை. சுடுகின்ற தார்ச்சாலையில் வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு, கூட்டத்தின் நெருக்கத்தில் நடப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கச் சொன்னார். விரதம் முழுவதும் இருந்தேன், குடம் எடுக்கவில்லை. விடியற்காலையில் கூட்டம் சேருமுன் கைப்பிடியைப் பற்றிப் படியேறி, விழுந்து வணங்காமல் நின்றபடியே கைகூப்பினேன். என் குடத்தை மகள் சுமந்து வந்தாள். அவள் வரும்வரை படியோரம் உட்கார இடம் கிடைத்தது. பிற்பகலில் வாழையிலையில் ஏழு கறியோடு உணவருந்தும்போது நாற்காலியும் மேசையும் எனக்காகவே போட்டிருந்தார்கள்.

ஓராண்டு எக்ஸ்ரேயில் மூட்டு அசையாமல் இருக்கிறது. அதற்கு முன்பே, சீனக் கொய்யா பழுக்கும் மே மாதத்தில், இரு கைகளிலும் மலைக்கோல்களோடு லெ பூஸ் சென்றேன். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் ஏறி, போர்லூயி நகரும் துறைமுகமும் தெரியும் முகடுவரை போய், உச்சியின் செங்குத்தான பாறையைத் தொடாமல் திரும்பினேன். ஏற்றத்தைவிட இறக்கமே கடினமாக இருந்தது. முழங்கால் இம்முறை கடுக்கவில்லை. ஓட்டமும் குதிப்பதும் எனக்கு இனி இல்லை. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கோலம் போட முடிகிறது, சம்மணம் இடுவதில்லை. வாரத்தில் நான்கு நாட்கள், சோறு வேகும் நேரத்தில், அகரத்திலிருந்து ஔகாரம்வரை மூன்று சுற்று இன்றும் தொடர்கிறது.