தீபாவளி முடிந்து: ஒரு பவர்டேபிள் நாட்குறிப்பு

29.10.2024, செவ்வாய்

போனஸ் பட்டுவாடா முடிய ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், நாங்கள் பத்து கொடுத்தோம். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். திருப்பூரில் பவர்டேபிள், அதாவது தையல் யூனிட், வைத்திருப்பவர்களுக்கு இந்த ராத்திரியில் தூக்கம் வராது. ஊருக்குப் போகிற 22 பேரில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

11.11.2024, திங்கள்

பதினாலு பேர். ஒடிசாப் பையன்கள் மூன்று பேருக்கு தன்பாத் வண்டியில் டிக்கெட் கிடைக்கவில்லையாம், அடுத்த வாரம் வருவார்கள், அவர்களை நம்பலாம். மீதி ஐந்து பேர் போனே எடுக்கவில்லை. மடிப்பு தைக்கிற பேட்லாக் மிஷின் இரண்டும் உறை போட்டபடி கிடக்கின்றன.

கேட்டில் 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை' என்று போர்டு தொங்கவிட்டோம், மூன்றும் மூன்று வகைத் தையல் மிஷின். இந்தத் தெருவில் மட்டும் இதே மாதிரி ஏழு போர்டு. 'அட்வான்ஸ் தரப்படும்' என்று சேர்க்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸுக்காக வருகிறவர் கடன் கழிகிற வரைக்கும் இருப்பார். இல்லாவிட்டால் கழியாமலே ஓடுவார். போன வருஷம் இரண்டையும் பார்த்தாச்சு.

13.11.2024, புதன்

இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் பத்துப் பத்து பீஸ் கொடுத்து கழுத்துக்கு ரிப், அதாவது இழுபடும் பட்டித் துணி, ஏற்றச் சொன்னேன்.

முதலில் உட்கார்ந்தவர் படபடவென்று முடித்தார். தைக்கும்போதே இதுவரை வேலை பார்த்த கம்பெனிகளின் கதை வேறு. ரிப்பை ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் இழுக்காமல் விட்டதில் கழுத்து அலை அலையாக நின்றது. இன்னொருவர் தேனிப் பக்கத்து அம்மா, பீஸைத் தொடவே இல்லை. முதலில் ஒரு வேஸ்ட் துணியில் நாலு விரல் நீளம் ஓட்டிப் பார்த்தார். திருப்பி அடித்தையலைப் பார்த்தார். நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தினார். பத்து பீஸ் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை, அப்போதே சேர்த்துக்கொண்டேன்.

"ஆள் கிடைக்காத நேரத்துல பரீட்சை வேறயா?" என்றார் வீட்டுக்காரர்.

14.11.2024, வியாழன்

சாயங்காலம் அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, பாத்ரூம் இந்தப் பக்கந்தானுங்களா?" காலையிலிருந்து யாரும் காட்டவில்லை. நானும்தான். பீஸுக்கு என்ன ரேட்டு என்பதையும் பக்கத்து மிஷின்காரரிடம் கேட்டுத் தெரிந்திருக்கிறார். நானே பத்தொன்பது வயதில் டைலராகச் சேர்ந்தவள். முதல் நாள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. பழைய ஆள் எழுந்து வந்து காட்டினால் அந்த அரை மணி நேரத்தில் அவருக்கு இருபது பீஸ் போச்சு. பீஸ் ரேட்டில் யார் வருவார்கள்? இனி புது ஆளுக்கு மூன்று நாள் துணையாக ஓவர்லாக் அக்கா. அந்த மூன்று நாளும் அக்காவுக்கு முழு ஷிப்ட் கணக்கு. ரேட்டை முதல் பீஸுக்கு முன்னாலேயே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஊசி உடைந்தால் துண்டெல்லாம் தேடிக் கொடுத்தால்தான் புது ஊசி என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். குழந்தைகள் துணி தைக்கிற இடம், ஒரு துண்டு உள்ளே போனால் மொத்த லாட்டும் திரும்பிவிடும்.

16.11.2024, சனி

திரும்பி வராத பேட்லாக் பெண் ஒருவழியாகப் போன் எடுத்தாள். நான் ரேட்டுப் பேசத் தயாராக இருந்தேன்.

"அங்க பீஸுக்கு பத்துப் பைசா கம்மிதாங்க்கா."

"அப்புறம் ஏன் கண்ணு?"

"நம்ம யூனிட்ல கட்டிங் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கோணும். இங்க பீஸு நிக்கறதில்லீங்க்கா."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். வெட்டிய துணி வராமல் செப்டம்பரில் ஒன்பது அரை நாள் பேட்லாக் நின்றிருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்குத் தைக்கிறவள் அவள். ஒரே மாசத்தில் 3,150 ரூபாய் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நான் பத்து சதவீதம் போனஸ் கொடுத்துவிட்டுப் பெருமையாக நின்றிருக்கிறேன்.

18.11.2024, திங்கள்

கட்டிங் மாஸ்டரோடு சண்டை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மழை பெய்தால் சாயப்பட்டறையில் துணி தேங்கும், வந்த துணியில் ஷேடு மாறியிருக்கும், அதைப் பிரித்த பிறகுதான் கத்தி வைக்க முடியும். அந்தத் தாமதத்துக்கெல்லாம் இதுவரை கூலி கொடுத்தது டைலர்கள்.

பத்து மணிக்கு மேல் பீஸ் வராவிட்டால் வரும் வரைக்கும் ஷிப்ட் சம்பளம் என்று சொல்லிவிட்டேன். இடையில் தைக்க ஒரு உள்நாட்டு ஜட்டி ஆர்டரும் பிடித்தாயிற்று. லாபம் சொற்பம்.

"கட்டுபடியாகாது" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு பேட்லாக் உறை போட்டுக் கிடக்கறது கட்டுபடியாகுதுங்களா?"

23.11.2024, சனி

தேனி அம்மாவுக்கு சம்பளம். "பி.எப். வேண்டாங்க்கா, முழுசாக் கையில குடுத்துருங்க." பன்னிரண்டு சதவீதம் பிடித்தால் வலிக்கத்தான் செய்யும். கம்பெனியும் அவர் பேரில் அதே அளவு போடுகிறது என்று இதற்கு முன் யாரும் சொன்னதே இல்லையாம். இ.எஸ்.ஐ.க்கு அவரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம்தான். பேக்கிங் அக்காவே அவரைக் கூப்பிட்டு, தன் வீட்டுக்காரருக்கு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்த கதையைச் சொன்னார். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது எடுபட்டது. கடைசியில் பார்த்தால் அவர் பேரில் இரண்டு பி.எப். நம்பர், ஒவ்வொரு கம்பெனியும் புதிதாக ஒன்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமை அதைச் சேர்க்க எழுதிப் போட வேண்டும்.

7.12.2024, சனி

பேட்லாக் பெண் வரவில்லை. நாத்தனாரை அனுப்பியிருக்கிறாள். வந்ததும் கேட்டது ரேட்டு இல்லை.

"கட்டிங் வராட்டி ஷிப்ட் சம்பளம் போடறீங்களாமா, நெசந்தானுங்களா?"

இன்றைக்கும் கட்டிங் பதினொன்றே காலுக்குத்தான் வந்தது. ஜட்டி பீஸும் நேற்றே தீர்ந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டை எடுத்து, உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் கால் ஷிப்ட் எழுதினேன்.