ஆடும் கம்பம்: ஒரு பழைய படகின் நாட்குறிப்பு

5 ஆகஸ்ட் 2023, சனி, சாங்கி, சிங்கப்பூர்

நானும் அலுவலக நண்பர்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய 26 அடிப் பாய்மரப் படகு 1986இல் கட்டப்பட்டது. எங்களில் இளையவரைவிட அதற்கு வயது அதிகம். இன்று காலை அதில் ஏறுவதற்காகப் பிடித்த இடதுபக்கக் கம்பம் கையோடு சாய்ந்தது. ஸ்டான்ஷன் எனப்படும் இந்தக் கம்பங்கள்தான் படகின் ஓரத்துப் பாதுகாப்புக் கம்பியைத் தாங்கி நிற்பவை என்பதால், வயிற்றைக் கலக்கிவிட்டது. அறைக்குள் படுத்து, தளத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு போல்ட்டுகளுக்கும் பத்துக் காசைவிடச் சிறிய வாஷர்கள்தான் போட்டிருந்தார்கள். ஸ்பானரால் இறுக்கினேன்; கம்பம் நின்றது. வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த சித்தப்பாவிடம் சொன்னபோது, அவர் பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "இறுக்கிட்டியா? முதல்ல போய்க் கழற்றுடா. தளம் நசுங்கிப் போச்சுன்னா பிறகு எதைப் பிடிச்சு இறுக்குவே?" என்றார்.

எங்கள் படகின் தளம் ஒரே பலகை அன்று. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் கிளாஸ் தகடுகள், நடுவே பால்சா மரம். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருப்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். போல்ட் துளையில் நீர் புகாமல் தடுக்கும் பூச்சு விட்டுப்போனால் நீர் அந்த மரத்துக்குள் இறங்குகிறது. மரம் மக்கியபின் போல்ட்டை இறுக்கினால் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கி, விரிசல் பெரிதாகி, இன்னும் அதிக நீர் இறங்குகிறது.

சித்தப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். 60 செ.மீ. உயரக் கம்பத்தின் உச்சியில் ஓர் ஆள் 50 கிலோ சுமையோடு சாய்ந்தால், 8 செ.மீ. அகல அடித்தட்டின் உட்பக்க போல்ட்டுகளை அது ஏறத்தாழ 375 கிலோ விசையோடு மேலே இழுக்கும். அந்தச் சில்லறை வாஷர்களை நினைத்துக்கொண்டேன்.

12 ஆகஸ்ட், சனி

சித்தப்பா உடன் வந்தார். திருப்புளியின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகவும், கம்பத்தருகே 'தொப்' என்று மந்தமாகவும் ஒலித்தது. அடித்தட்டைத் தூக்கியதும் துளையிலிருந்து சாயம் இறங்கிய தேநீர் நிறத்தில் நீர் கசிந்தது. முன்பு யாரோ சிலிக்கானைப் பூசி மூடியிருக்கிறார்கள். அது படிந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது என்பதால், அதைச் சுரண்டித் தேய்த்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

கழற்றிய போல்ட்டுகளில் ஒன்றை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன். தலையும் நுனியும் புதிதுபோல் பளபளக்கின்றன. தளத்துக்குள் மறைந்திருந்த நடுப்பகுதி மட்டும் எறும்பின் இடுப்புப்போல் அரித்துக் குறுகியிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈரத்தில் அடைபட்டால் அந்த எஃகும் அரிக்கும்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

மேல் தகட்டுத் துளையைப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, மக்கிய மரத்தைச் சுற்றிலும் தோண்டி எடுத்தோம். வெளிவந்தது மரமாகவே இல்லை, கோப்பிக் கடையில் வடிகட்டிக் கொட்டிய சக்கைபோல் இருந்தது. வெள்ளையான உலர்ந்த மரம் தென்படும்வரை தோண்டச் சொன்னார்.

19 ஆகஸ்ட், சனி

விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு அடித்துப் போயிற்று. துளைகளை மூடியிருந்த டேப் தாக்குப்பிடித்தது. உள்ளே உலர்வதற்காக மாலைவரை மின்விசிறி மட்டும் வேலை செய்தது; நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

தோண்டிய இடத்தை நிரப்ப எபாக்ஸி கலந்தேன், கற்றுக்கொண்டேன். அது ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்ததும் கெட்டியாகும் பிசின். முழு அளவையும் ஒரே குவளையில் கலந்ததால், நம் ஊர் வெயிலில் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து, கையில் எடுப்பதற்குள் கல்லாகிவிட்டது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குவளையைத் தூக்கித் தளத்தின் ஓரத்தில், என் கண்ணில் படும்படி வைத்தார், அவ்வளவுதான். இரண்டாம் முறை மெதுவாக இறுகும் ஹார்ட்னரோடு சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிப் பயன்படுத்தினேன். கீழ்த்துளைகளை டேப்பால் அடைத்து, மரம் உறிஞ்சிக்கொள்ள முதலில் நீர்த்த எபாக்ஸியைத் தடவி, பிறகு சிலிக்காத் தூள் சேர்த்துக் கெட்டியாக்கியதைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினேன்.

26 ஆகஸ்ட், சனி

ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடையில் கடல்நீரை நன்கு தாங்கும், ஏ4 முத்திரையுள்ள 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் வாங்கினேன். சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017இல் மூடப்படாதிருந்தால் அங்கேதான் முதலில் தேடியிருப்பார் சித்தப்பா.

இறுகிய எபாக்ஸியின் மேல் பிசுபிசுத்த படலத்தைத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்தபின், அதன் நடுவிலேயே புதுத் துளைகள் போட்டோம். இனி நீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. துளையின் வாயைச் சற்றுக் கூம்பாகக் குடைந்து, போல்ட் தலைக்குக் கீழே நீர் புகாமல் அடைக்கும் மெழுகுபோன்ற பியூட்டைல் டேப்பைத் திரித்துச் சுற்றினேன். அடியில் சில்லறை வாஷர்களுக்குப் பதில் 6 மி.மீ. ஃபைபர் கிளாஸ் பலகை. மேலே சித்தப்பா போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்து மரையை மட்டும் திருகினேன், ஏனெனில் போல்ட் சுழன்றால் டேப்பின் பிடி விட்டுப்போகும்.

1 செப்டம்பர், வெள்ளி

அதிபர் தேர்தலுக்கு விடுமுறை. காலையிலேயே வாக்களித்துவிட்டுச் சாங்கிக்கு வந்தோம். வெயிலில் பியூட்டைல் மேலும் பிதுங்கி வெளியே வந்திருந்ததால் ஒவ்வொரு மரையையும் கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை மரக்குச்சியால் வழித்தெடுத்தேன். அடியில் டிஷ்யூ தாளை ஒட்டி, மேலே கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றினோம். தாள் நனையவில்லை. திரும்பும்போது சித்தப்பா அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்குப் போகும் சிறு படகான சம்பானில் இறங்கினார்.