ஒன்பதுக்கு மூன்று: கலிபோர்னியாவில் ஜூரியாக இருந்த அனுபவம்

குடியுரிமைத் தேர்வுக்காக நான் படித்த நூறு கேள்விகளுள், அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைக் கூறுக என்பதும் ஒன்று. ‘ஜூரியாகப் பணியாற்றுவது’, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக இருப்பது, என்ற விடையை மனப்பாடம் செய்திருந்தேன். உறுதிமொழி எடுத்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், சாண்டா கிளாரா மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தபோதுதான் அந்த விடையின் கனம் எனக்குப் புரியத் தொடங்கியது.

முதல் கட்டம் எளிது. அழைப்பாணையில் ஒரு குழு எண் இருக்கும். அந்தக் குழு மறுநாள் வரவேண்டுமா என்பதை முந்தைய மாலை தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 15 டாலர் தருகிறார்கள். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் ஊதியம் இழப்பவர்களும் தங்கள் சிரமத்தை எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். எனக்கு அப்படிக் காரணம் ஏதும் இல்லாததால் நீதிமன்ற அறைக்கு அனுப்பப்பட்டேன்.

ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் ஒன்றரை நாள் நீடித்தது. இரவில் ஒரு கடையின் பின்கதவை உடைத்துப் புகுந்ததாக ஓர் இளைஞர்மீது வழக்கு. நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எங்களுடைய வேலை, குடும்பம், காவல்துறையினரோடு ஏற்பட்ட அனுபவம், குற்றத்தால் பாதிக்கப்பட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு என்னை விலக்கிவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை இருப்பதைப் பிறகு அறிந்தேன். கென்டக்கியில் ஜேம்ஸ் பேட்சன் என்ற கறுப்பினத்தவர்மீது நடந்த வழக்கில், தேர்வுக்கு வந்திருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் அரசுத் தரப்பு நீக்கிவிட, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. இனத்தைக் காரணமாகக் கொண்டு இவ்வாறு நீக்குவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மேலும் ஒரு படி சென்று, ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதையும் பொதுவாக ஏற்கத்தகாத காரணங்களுள் ஒன்றாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஏழாம் இருக்கை எனக்குக் கிடைத்தது.

விசாரணை நான்கு நாட்கள் நடந்தது. அந்த இளைஞருக்காக வாதாடியவர் அரசுச் செலவில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞர். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் புளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவின்மீது, வசதியற்றவருக்கு மாநில அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்று 1963-இல் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. வழக்கறிஞர் இல்லாமல் தண்டிக்கப்பட்ட கிடியன், வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் விடுதலையானார். எங்கள் வழக்கிலும் அந்த வழக்கறிஞர் இல்லாதிருந்தால், கடைக் கேமராவில் பதிவான முகம் எவ்வளவு மங்கலானது என்பதை யாரும் எங்களுக்குக் கட்டம் கட்டமாக நிறுத்திக் காட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த இளைஞர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அதை அவருக்கு எதிராகக் கொள்ளக்கூடாது என்று நீதிபதி எங்களுக்கு அறிவுறுத்தினார். குற்றம் சாட்டப்பட்டவரின் மௌனத்தைச் சுட்டிக்காட்டி அரசுத் தரப்பு வாதிடக்கூடாது என்பது 1965-ஆம் ஆண்டின் கிரிஃபின் வழக்கில் உறுதியானது. அந்த வழக்கும் கலிபோர்னியாவில் எழுந்ததே. கேட்கும்போது இயல்பாகத் தோன்றிய இந்த அறிவுறுத்தலைக் கடைப்பிடிப்பது, கலந்தாய்வு அறையின் கதவு மூடப்பட்ட பிறகு எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் எல்லோருமே உணர்ந்தோம். “நிரபராதி என்றால் ஏன் பேசவில்லை?” என்று ஒருவர் கேட்டார். மனத்துக்குள் நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி அறிவுறுத்தல் தாளை எடுத்து, அந்தப் பத்தியை மீண்டும் உரக்கப் படித்தார்.

முதல் வாக்கெடுப்பில் ஒன்பது பேர் குற்றவாளி என்றோம்; மூவர் இல்லை என்றனர். அந்த ஒன்பதில் நானும் ஒருவன் என்பதை இன்று வரை மறக்க முடியவில்லை. லூசியானா மாநிலம் 1898-இல் ஏற்படுத்திய விதிப்படி ஒன்பது வாக்குகளே தண்டிக்கப் போதுமானவையாக இருந்தன. ஜூரியில் இடம்பெறும் ஓரிரு கறுப்பினத்தவரின் வாக்கைப் பயனற்றதாக்கவே அந்த விதி வகுக்கப்பட்டது. பின்னர் அது பத்தாக உயர்ந்தது. பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஆயுள் தண்டனை பெற்ற எவாஞ்செலிஸ்டோ ராமோஸின் வழக்கில்தான், கடுங்குற்றங்களுக்கு ஜூரியின் தீர்ப்பு ஒருமனதாக இருக்கவேண்டும் என்பது எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறுவிசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டதும் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்பேரில்தான், ஒருமனதாக அல்ல. 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். என் பாட்டி அந்த வழக்கைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஒருமித்த முடிவு தேவை என்பதால், அந்த மூவரையும் எங்களால் ஒதுக்கிவிட முடியவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற மெக்கானிக், கேமராப் பதிவை மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். நீதிமன்றத்தில் பார்த்த அதே பதிவை எட்டு முறை பார்த்தோம். முகத்தை அடையாளம் சொன்ன சாட்சி நின்றிருந்த தூரத்தையும் தெருவிளக்கு இருந்த இடத்தையும் வெள்ளைப் பலகையில் வரைந்தோம். அந்த இளைஞர் செய்திருக்கக்கூடும் என்றே எனக்கு அப்போதும் தோன்றியது. ஆனால் எங்களிடம் கேட்கப்பட்டது, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பது. 112 டாலர் திருடியதாகச் சொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் வின்ஷிப்பின் வழக்கில், 1970-இல், அந்த அளவுகோல் அரசமைப்பு கோருவது என்று நிலைநாட்டப்பட்டது. தோன்றுவதற்கும் நிரூபணத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியை நான் எதைக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தேன் என்று இரவு முழுவதும் யோசித்தேன். விடை எனக்கு உவப்பானதாக இல்லை. அவருடைய மௌனத்தைக்கொண்டும் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைக்கொண்டும் அதை நிரப்பியிருந்தேன்.

மறுநாள் காலை என் வாக்கை மாற்றிக்கொண்டேன். பிற்பகலுக்குள் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு வாசிக்கப்பட்டதும், ஒவ்வொரு ஜூரியையும் தனித்தனியே கேட்குமாறு அரசுத் தரப்பு கோரியது. நீதிமன்ற எழுத்தர் எங்கள் எண்களை வரிசையாக அழைத்து, இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டார். ஏழாம் எண்ணை அழைத்தபோது, முதல்முறையாக அந்த இளைஞரின் முகத்தை நேராகப் பார்த்து, ஆம் என்றேன்.