விசுவகர்மாவை அடித்த கதை

மொழிபெயர்ப்பு வேலையில் எனக்குக் கிடைத்த முதல் குட்டு 'லாட்ஜ்' என்ற சொல்லுக்காக. கலைக்களஞ்சியம் ஒன்றுக்காக, ரகசிய உறுதிமொழி எடுத்துச் சேரும் சகோதரச் சங்கத்தாரான ஃப்ரீமேசன்கள் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் பொறுப்பு என் மேசைக்கு வந்தது. "இவர்கள் லாட்ஜில் கூடி உறுதிமொழி எடுப்பார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்பு பார்க்கும் அக்கா ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "ரூம் போட்டா?"

அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் விஷயத்தை ஒழுங்காகப் படிக்கவே உட்கார்ந்தேன். இடைக்கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்கள் எழும்பும்போது, கல்தச்சர்கள் வேலை செய்யவும் இளைப்பாறவும் கட்டடத்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். லாட்ஜ் என்றால் அந்தக் கொட்டகை. பிற்பாடு உளி பிடித்தே அறியாத கனவான்கள் அதற்குள் நுழைந்தார்கள். கருவிகள் உவமைகளாகிவிட்டன. மூலைமட்டம் நேர்மைக்கு, கவராயம் ஆசைகளுக்கு வரம்பு கட்ட, கரட்டுக்கல் புதிதாகச் சேர்ந்தவனுக்கு. 1717-ல் லண்டனில், செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்து மதுக்கடை ஒன்றில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தலைமை லாட்ஜை அமைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு.

கட்டுரையைச் சரிபார்க்க ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரே பல வருட உறுப்பினர், ஒரு லாட்ஜின் முன்னாள் தலைவர். முதல் சந்திப்பிலேயே என் இரண்டாவது தவறைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். அவர்களுடைய தலைவரை ஆங்கிலத்தில் 'வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்' என்பார்கள். நான் 'வழிபாட்டுக்குரிய தலைவர்' என்று போட்டிருந்தேன்.

"என்னை யாரும் கும்பிடல தம்பி. எங்க வீட்டு நாய்கூட எழுந்து நிக்காது" என்றார்.

அது பழைய ஆங்கிலத்தில் வெறும் மரியாதைச் சொல். இங்கிலாந்தில் நகர மேயரையும் அப்படி அழைப்பதுண்டு. 'மாண்புமிகு' என்று மாற்றினேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு நெருடல். அறையின் நடுவே பீடம் இருக்கிறது, பிரார்த்தனை சொல்ல ஒருவர் இருக்கிறார், கூடத்துக்குக் கோயில் என்றே பெயர், சொல்லுக்குச் சொல் சமயத்தின் வாடை அடிக்கிறது. கேட்டால் சமயம் இல்லை என்கிறார்கள். இது என்ன கணக்கு?

கணக்கு எனக்குப் பிடிபட்டது மூன்றாவது தவறில். அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவு ஆசையாக எழுதியது.

கடவுளை அவர்கள் 'பிரபஞ்சத்தின் மாபெரும் கட்டடக் கலைஞர்' என்ற பொருள்படக் குறிப்பிடுகிறார்கள். பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். நமக்குத்தான் கையிலேயே சொல் இருக்கிறதே! 'விசுவகர்மா' என்று போட்டேன். பெரியவர் அதை வட்டமிடவில்லை, ஒரே கோடாக அடித்துவிட்டார்.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் வேண்டாங்கறேன். நாங்க அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கோம். உள்ள வர்றவன் அவனவன் சாமியைக் கொண்டுவந்து அதுல உக்கார வச்சுக்குவான். நீங்க முன்னாடியே ஒருத்தரை உக்கார வச்சுட்டீங்க."

தான் சேர்ந்த நாளைப் பற்றி, அச்சில் வந்திருக்கிற அளவுக்கு மட்டும் சொல்வேன் என்ற நிபந்தனையோடு சொன்னார். கோட்டு, மோதிரம், பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கண்ணைக் கட்டி, கழுத்தில் தொளதொளவென்று ஒரு கயிறு. இடது முழங்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டிவிட்டார்கள். ஆபத்து வந்தால் யாரை நம்புவாய் என்று ஒரு குரல் கேட்டது. கடவுளை என்றார். "எந்தக் கடவுள்னு கேப்பாங்கன்னு நினைச்சு மனசுல பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். கேக்கவே இல்லை." லாட்ஜுக்குள் சமயச் சர்ச்சையும் அரசியலும் பேசக் கூடாது என்பது விதி, அதனால் பிறகும் யாரும் கேட்டதில்லையாம்.

அவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணும் ரகசியக் கைகுலுக்கல் பற்றி நான் கேட்டதற்கு டீ ஆறுகிறது என்றார்.

விசுவகர்மா போய்ப் 'பெருந்தச்சன்' வந்தது. கல்வெட்டுகளில் மனிதர்களுக்கு இருந்த பட்டம், எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை. அடுத்த சொல் என்னைச் சிரமப்படுத்தவே இல்லை. பீடத்தின் மேல் மூலைமட்டத்தோடும் கவராயத்தோடும் ஒரு புனித நூல் திறந்திருக்க வேண்டும். அது எந்த நூல் என்பது உறுப்பினரின் நம்பிக்கையைப் பொறுத்தது. பல சமயத்தவர் கூடும் லாட்ஜில் பைபிள், குர்ஆன், கீதை என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தமிழில் 'வேதநூல்' என்று எழுதினேன். மூன்று சமயத்தாரும் தங்கள் நூலை வேதம் என்றே சொல்லும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் அவர்கள் தேடிப் பிடித்து வைத்த பொதுப்பெயரைத் தமிழ் சும்மாவே வைத்திருந்தது. 'ஜி' என்ற எழுத்துதான் கைவிட்டது. கூடத்தில் தொங்கும் அந்த எழுத்து ஆங்கிலத்தில் கடவுளுக்கும் ஜியோமெட்ரிக்கும் முதலெழுத்து. கடவுளையும் வடிவியலையும் தமிழில் ஒரே எழுத்தில் எப்படித் தொங்கவிடுவது?

1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிறித்தவ போதகர் தொகுத்த விதிநூல், எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் சமயம் போதும், மற்ற கருத்துகளை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்கிறது. தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டவன் ஒருபோதும் மூட நாத்திகன் ஆகமாட்டான் என்றும் சொல்கிறது. அக்காவின் பென்சில் உடனே வந்தது: "புத்திசாலி நாத்திகன்?"

சிரித்தேன். ஆனால் பிரான்சில் இதையேதான் வேறு மாதிரி கேட்டார்கள். அங்குள்ள தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் 1877-ல் கடவுள் நம்பிக்கையும் ஆன்மாவின் அழியாமையும் கட்டாயம் என்ற விதியை நீக்கியது. அதற்கு முன்னின்றவர் ஃப்ரெடெரிக் தெமோன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர். இங்கிலாந்துக்காரர்கள் உறவை முறித்துக்கொண்டார்கள், இன்றுவரை ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் நாற்காலி இருந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு அந்த நாற்காலிதான் பிரச்சினை. 1738-ல் போப் 12-ஆம் கிளமென்ட் தடை விதித்தபோது, எல்லாச் சமயத்தாரும் ஒன்றாகக் கூடுவதையும் ரகசிய உறுதிமொழியையும் சுட்டிக்காட்டினார். 1983-லும் 2023-லும் அந்தத் தடையை வத்திக்கான் மறுபடி உறுதிசெய்தது. சதிக்கதைகள் எழுதுபவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. திருச்சபையின் ஆட்சேபம் அப்படிப்பட்டதல்ல. எல்லா வேதத்தையும் ஒரே பீடத்தில் வைத்தால், எதுவும் முழு உண்மை இல்லை என்று சொல்லாமல் சொல்வதாகாதா? பெரியவரிடம் கேட்டேன். "எங்க வேலை மனுசனைச் செதுக்கறது. மோட்சம் எங்க கடையில கிடைக்காது, அதுக்கு அவனவன் கோயிலுக்குத்தான் போகணும்" என்றார். நல்ல பதில், ஆனால் என் கேள்விக்குப் பதில் அதுவல்ல என்று இன்றும் தோன்றுகிறது.

கடைசியில் கட்டுரையைச் 'சமயம்' பகுதியில் சேர்ப்பதா 'சங்கங்கள்' பகுதியில் சேர்ப்பதா என்று ஆசிரியர் குழுவில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. சங்கங்கள் என்று முடிவாகி, சமயத்தில் ஒரு 'காண்க' போட்டோம். புத்தகம் அச்சாகி வந்ததும் நான் முதலில் புரட்டியது சொல்லடைவைத்தான். அதை என் முதல் வரைவை வைத்தே தயாரித்திருக்கிறார்கள். 'விசுவகர்மா – காண்க: ஃப்ரீமேசன்' என்று இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் போய் எவ்வளவு தேடினாலும் அவர் கிடைக்கமாட்டார்.