ஒன்பது முறை நிறுத்திய படம்

மார்ச் 2, 2025, ஞாயிறு

சனி இரவு ஆரம்பித்த படம் இன்று மத்தியானம்தான் முடிந்தது. ஒன்பது முறை நிறுத்தினோம். குக்கர் விசில், மதுரையிலிருந்து அத்தை போன், பையனுக்குப் பசி. மிச்சமெல்லாம் அப்பாவுக்காக. "ஏம்மா, இப்ப என்ன சொன்னான்?" என்பார், பின்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் காதை மட்டும் குறை சொல்ல முடியாது. தியேட்டரில் வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால் தனி ஸ்பீக்கர் இருக்கும். டிவியில் வசனமும் வெடிச் சத்தமும் ரெண்டே ரெண்டு குட்டி ஸ்பீக்கரில் நசுங்குகின்றன. வசனம் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த பாட்டுக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிடுகிறார்.

மார்ச் 3, திங்கள்

புது டிவியில் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரியே தெரிவது ஏன் என்று இன்றுதான் புரிந்தது. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். நடுநடுவே டிவியே சொந்தமாக ஃப்ரேம் செய்து செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடுகிறது. செட்டிங்கில் மோஷன் என்று ஒன்று ஒளிந்திருந்தது. அணைத்தேன். சினிமா சினிமாவாகத் தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

கர்நாடக பட்ஜெட்டில், மல்டிபிளெக்ஸ் உட்பட எல்லாத் தியேட்டரிலும் டிக்கெட் 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அறிவிப்பு. 2017 பட்ஜெட்டிலும் இதையேதான் சொன்னார்கள். சரி, பார்ப்போம். பாப்கார்னுக்கு யார் உச்சவரம்பு வைப்பார்கள்?

அப்பாவுக்கு இங்கே பெங்களூரு பிரிகேட் ரோட்டில் இருந்த ரெக்ஸ் தியேட்டர் ஞாபகம் வந்துவிட்டது. அதை மூடியது 2018 டிசம்பர் 31. "ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் போலாமா?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

போனோம். அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பழைய ஒற்றைத் திரை. பால்கனிப் படிக்கட்டில் அப்பா இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் படம் ஆரம்பித்த பிறகு ஒரு கேள்வி இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன், முழித்துக்கொண்டுதான் இருந்தார். இடைவேளைக்கு விளக்குப் போட்டதுமே, "ஏம்மா, அந்த மீசைக்காரன் தம்பியா மச்சானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டுக்காரர் திரும்பி, "மச்சான் சார். தம்பி ஜெயில்ல இருக்கான்" என்றார். அப்புறம் ரெண்டு பேரும் இடைவேளை முழுக்கக் கதையை அலசினார்கள். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன், அவருக்கும் சேர்த்து.

கிளைமாக்ஸ் நேரம் பார்த்து அப்பாவுக்கு பாத்ரூம். அந்தப் படிகளில் இறங்கி ஏறித் திரும்புவதற்குள் வில்லன் செத்துப்போயிருந்தான்.

ஆட்டோவில் பாவமாக இருந்தது எனக்கு. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "நாலு வாரத்துல வீட்டுக்கே வந்துடுமில்ல? அந்தப் பத்து நிமிஷத்த அப்பப் பாத்துக்கறேன்."